போதை நெடுஞ்சாலை – அத்தியாயம் 9: 20 கிலோவும் 18 வயதும்

சென்ற வாரம் காரணைப்புதுச்சேரி சாலையில், துப்பாக்கி வெடித்த இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

2023 ஆகஸ்ட் 1, செவ்வாய்க்கிழமை. விடியற்காலை மூன்றரை மணி. கூடுவாஞ்சேரி போலீசார் வண்டிகளை மறித்துச் சோதனை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேகமாக வந்த கார் ஒன்று போலீஸ் ஜீப்பில் மோதி நிற்கிறது. இறங்கியவர்கள் கையில் அரிவாள். உதவி ஆய்வாளர் ஒருவருக்குக் கையில் வெட்டு விழுகிறது. அடுத்து துப்பாக்கிச் சத்தம். இரண்டு பேர் செத்துப்போகிறார்கள், கூட வந்தவர்கள் இருட்டில் ஓடிவிடுகிறார்கள். காவல்துறை வெளியிட்ட விவரம் இதுதான். செத்தவர்களில் ஒருவருக்கு வயது 35, மற்றவருக்கு 32. இருவர் மீதும் கொலை வழக்குகள் வரிசையாக இருந்தன.

அது கஞ்சா வழக்கு அல்ல, ரவுடிகள் வழக்கு. அந்த இருவரின் பிள்ளைப் பருவத்தைக் கிளறவும் நான் வரவில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று எழுந்த கேள்வி இன்னும் அடங்கவில்லை. முப்பது வயதில் அரிவாளோடு காரில் வருகிற ஒருவன், பதினைந்து வயதில் யாருக்காக என்ன தூக்கிக்கொண்டு போனான்? இந்தப் புறநகரில் அந்தக் கேள்விக்குக் கிடைக்கிற விடைகளில் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொட்டலம்.

இந்த வாரம் அந்தப் பொட்டலத்தோடு பயணம் செய்வோம். தாம்பரத்தில் ஏறி செங்கல்பட்டில் இறங்குகிறோம். மின்சார ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம்தான். ஆனால் கதை நூற்று முப்பது வருஷத்துக் கதை.

தாம்பரம்: பழுப்பு நிற டேப்

தாம்பரம் இன்று வெறும் மின்சார ரயில் நிலையம் இல்லை. எழும்பூர், சென்ட்ரலுக்கு அடுத்து நகரின் மூன்றாவது முனையம். வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசா, ஆந்திரா வழியாக வரும் ரயில்கள் இங்கே வந்து நிற்கின்றன. அவற்றில் வருகிறவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்கு வரும் தொழிலாளிகள். ஒரு கையில் பக்கெட், இன்னொரு கையில் போர்வை மூட்டை. அந்தக் கூட்டத்துக்குள் எப்போதாவது ஒரு பை, எந்த இருக்கைக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். ரயில்வே பாதுகாப்புப் படையினர் பையைத் திறந்தால் செங்கல் போல அழுத்திய பார்சல்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ, இரண்டு கிலோ. சுற்றிலும் பழுப்பு நிற டேப். அந்த டேப், வாசனை கசியாமல் இருக்க.

அந்தப் பார்சல் கிளம்பிய இடம் கிழக்குத் தொடர்ச்சி மலை. அரக்கு, பாடேரு, சிந்தப்பள்ளி என்று ஆந்திரப் பக்கம் நீளும் காடுகளும், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் மலைகளும். பழங்குடி விவசாயிக்கு முன்பணம் கொடுத்துச் செடி வளர்க்கச் சொல்கிறவன் வேறு ஊர்க்காரன். 2021-இல் ஆந்திர போலீஸ் 'பரிவர்த்தனா' என்ற பெயரில் மலையேறி ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாத் தோட்டங்களை வெட்டிச் சாய்த்தது. 2022 பிப்ரவரியில் அனகாப்பள்ளி அருகே ஒரே இடத்தில் சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்துத் தீ வைத்தார்கள். எரிந்தது இவ்வளவு என்றால் எரியாமல் ரயிலேறியது எவ்வளவு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தச் செடி நமக்குப் புதிதும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கஞ்சா உரிமம் பெற்ற கடையில் விற்ற சரக்கு, அரசாங்கத்துக்கு வரி கொடுத்த சரக்கு. 1893-இல் ஆங்கில அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அந்தக் குழு 1,193 பேரைச் சாட்சி விசாரித்து, அளவோடு புகைத்தால் பெருங்கேடு இல்லை, தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்று 1894-இல் எழுதி முடித்தது. அந்தக் காலத்தில் வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலையில் கஞ்சா பயிரானது. நம் தலைமுறைக்குத் தெரிந்தது கம்பம், வருசநாட்டு மலைகள். அங்கே போலீஸ் செடியைப் பிடுங்கப் பிடுங்க வியாபாரம் வடக்கே நகர்ந்தது. ஓரிடத்தில் அடித்தால் இன்னோரிடத்தில் முளைப்பது இந்தத் தொழிலின் பழைய குணம்.

ஆனால் ஜவ்வாது மலைக் காலத்திலும் கம்பத்துக் காலத்திலும் கேள்விப்படாத ஒன்று இப்போது நடக்கிறது. பார்சல் பிரிந்து பொட்டலமானதும் அது போய்ச் சேருவது பள்ளிக்கூடப் பைக்குள். இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? சாவி டெல்லியில் இருக்கிறது. அதில் குறித்திருக்கும் தேதியைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

பெருங்களத்தூர், வண்டலூர்: மூன்று நல்ல நாட்கள்

1985 ஆகஸ்ட் 23. போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் மசோதா மக்களவைக்கு வருகிறது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 16-இல் குடியரசுத் தலைவர் கையெழுத்தே விழுந்துவிடுகிறது. நாடெங்கும் அமலுக்கு வந்த நாள் நவம்பர் 14. ஆம், குழந்தைகள் தினம்.

ஆரம்பத்தில் அந்தச் சட்டம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தது. தன் உபயோகத்துக்கு வைத்திருந்த சொற்ப அளவுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. மற்றபடி கொஞ்சமாக வைத்திருந்தவனும் மூட்டையாக வைத்திருந்தவனும் ஏறக்குறைய ஒரே தட்டில். சின்ன ஆட்கள் சிறையில் வாட, பெரிய ஆட்கள் வக்கீல் வைத்து வெளியே வந்தார்கள். அதனால் 2001-இல் திருத்தம் வந்தது. அதுவும் ஒரு நல்ல நாளில்தான் அமலானது. அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி.

திருத்தத்துக்குப் பிறகு தண்டனையைத் தராசு தீர்மானித்தது. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவு என்றால் 'சிறு அளவு', இன்று அதிகபட்சம் ஓராண்டு தண்டனை. 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு', குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20. இரண்டுக்கும் நடுவில் சிக்கினால் 10 ஆண்டு வரை போகலாம், ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. வணிக அளவில் சிக்கினால் ஜாமீன் குதிரைக்கொம்பு. அதற்குக் கீழே என்றால் வெளியே வர வழியுண்டு.

வியாபாரி இதைப் படித்துப் பார்த்தான். படிக்கத் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. அவன் கற்ற முதல் பாடம், ஒரு பையில் 20 கிலோவைத் தொடாதே. 40 கிலோ வர வேண்டுமா, மூன்று பேரை அனுப்பு.

இரண்டாவது பாடம் 2016-இல் வந்தது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, ஜனவரி 15 முதல் அமல். அன்று பொங்கல். டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு, 16 முதல் 18 வயதுக்காரர்கள் கொடுங்குற்றம் செய்தால் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்ற மாற்றத்தோடு வந்த சட்டம் அது. கொடுங்குற்றம் என்பதற்கு அது வைத்த அளவுகோல், குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது. குறைந்தபட்சமே இல்லாத குற்றம் அந்தக் கணக்கில் வராது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது.

இப்போது இரண்டு சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 17 வயதுப் பையன் கையில் 19 கிலோ இருந்தாலும் அவனைப் பெரியவர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. இளைஞர் நீதிக் குழுமம்தான். அவனுக்கு ஜாமீன் என்பது விதி, மறுப்பது விலக்கு. ஒரு கிலோவுக்குள் என்றால் அது அந்தச் சட்டத்தின் கண்ணில் சில்லறைக் குற்றம். கொடுங்குற்றம் அல்லாத வழக்கில், பெரியவர் யாரும் கூட்டுச் சேராதபோது, பிள்ளை மீது எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, நிலையப் பொது நாட்குறிப்பில் எழுதினால் போதும் என்கின்றன 2016-இன் மாதிரி விதிகள்.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த விதிகள் எல்லாம் சரியானவை. பதினைந்து வயதில் செய்த பிழைக்கு ஒரு பிள்ளையின் வாழ்நாளைப் பலி கேட்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பிறந்தவை. கோளாறு வேறு இடத்தில். பிள்ளைக்குச் சட்டம் பிடித்த குடைக்குள், அவனை அனுப்பியவனும் தலையை நீட்டிக்கொண்டான். கஞ்சாவை மலையில் யாரும் வாங்கிவிடலாம். இந்தத் தொழிலில் விலைமதிப்பில்லாத முதலீடு 18 ஆகாத ஒரு வயது. அது தானாக வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் விளைகிறது.

இதை முதலில் கண்டுபிடித்தவன் நம் ஊர் வியாபாரியா? இல்லை. உலகம் முழுக்க ஒரே தந்திரம். பெயர் மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

ஊரப்பாக்கம்: பருந்து, விமானம், குருவி

மெக்சிகோவில் 2006 டிசம்பரில் அதிபர் ஃபெலிப்பே கால்டெரோன் போதைக் கும்பல்கள் மீது ராணுவத்தை ஏவினார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் கொலைகளும் காணாமல் போனவர்களும் லட்சக் கணக்கில். அங்கே தெருமுனையில் நின்று ராணுவ வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் சிறுவர்களுக்கு 'பருந்துகள்' என்று பெயர். பருந்தாகத் தொடங்கியவன் கையில் ஒருநாள் துப்பாக்கி வந்துவிடுகிறது. 2010 டிசம்பரில் ராணுவம் பிடித்த கொலையாளி ஒருவனுக்கு வயது 14.

பிரேசிலில் ரியோ நகரத்துக் குன்றுச் சேரிகளில் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறுவன் 'குட்டி விமானம்'. போலீஸ் வந்தால் பட்டாசு கொளுத்திச் சொல்பவனுக்குத் தனிப் பெயர். இங்கிலாந்தில் லண்டன் கும்பல்கள் சிறுவர்களை ரயிலேற்றிச் சின்ன ஊர்களுக்கு அனுப்பி விற்க வைக்கின்றன. அங்கே ஒரு மாற்றம் நடந்தது. அந்தச் சிறுவனைக் குற்றவாளியாக மட்டும் பார்க்காமல், அவனை அனுப்பியவன் மீது 2015-இன் நவீன அடிமை முறைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடத் தொடங்கினார்கள். பிள்ளையைச் சரக்கு தூக்க வைப்பது ஆள் கடத்தலுக்குச் சமம் என்பது அந்த ஊர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நியாயம்.

நம் ஊரில் கடத்தல் சரக்கு தூக்குகிறவனுக்குக் 'குருவி' என்று பெயர். விமான நிலையத்தில் தங்கம் கொண்டுவந்தவர்களுக்கு வைத்த பெயர் அது. பருந்து, விமானம், குருவி. எல்லாம் பறக்கிற பெயர்கள். தூக்கிக்கொண்டு பறக்கத்தான் பழக்குகிறார்கள். எங்கே போய் இறங்குவது என்று எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மெக்சிகோ போல இங்கே கும்பல்களுக்கு ராணுவம் இல்லை, பீரங்கி இல்லை. அதை இதோடு சமமாக வைப்பது மிகைப்படுத்தல். ஆனால் குருவியைப் பிடிக்கிற கண்ணி மட்டும் அங்கும் இங்கும் ஒன்றுதான். அந்தக் கண்ணியைக் கிட்டப்போய்ப் பார்க்க அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும்.

கூடுவாஞ்சேரி: கடன்

ராத்திரி எட்டரை மணிக்குக் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வாசலில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு நின்றால் ஊர் புரியும். நந்திவரம் ஏரியும் வயலுமாக இருந்த இடம் இது. மறைமலைநகர் துணைநகரம், தொழிற்சாலைகள், கல்லூரிகள் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுக ஒவ்வொன்றாக வந்து, 2021-இல் நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சியாகவே ஆனது. அப்பா ஏழு மணி ரயிலுக்குப் போய் ஒன்பது மணி ரயிலுக்குத் திரும்புகிறார். அம்மா கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார். பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது, அவர்களும் போன வருஷம்தான் வந்தவர்கள். கிராமத்தில் ஒரு பையன் பீடி பிடித்தால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். அந்தக் கண்கள் இங்கே இல்லை. நாலு மணிக்குப் பள்ளி விட்டதிலிருந்து ஒன்பது மணி வரை அந்தப் பிள்ளை ஊருக்குச் சொந்தம்.

கண்ணி மெதுவாகத்தான் விழும். முதலில் பெட்டிக்கடையில் உதட்டுக்கு அடியில் வைக்கும் புகையிலைப் பை. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 2013-லிருந்து தடை. அப்படியும் பள்ளிப் பிள்ளைகள் கையில் அது புழங்குவதைப் பார்த்து, நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று 2024 செப்டம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே கேட்டது. இல்லையென்றால் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன். கர்சீப்பில் ஊற்றி முகர்வது. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் ஒரு விநோதம் உண்டு. மது, கஞ்சா, அபின் என்று எதை எடுத்தாலும் பெரியவர்கள்தான் அதிகம். முகரும் போதையில் மட்டும் பிள்ளைகள் பெரியவர்களை முந்துகிறார்கள். பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்காரர்களில் 1.7 சதவீதம். கையில் காசில்லாதவன் போதை அது.

அடுத்து ஒரு 'அண்ணன்' வருகிறார். பெரிய வண்டி வைத்திருப்பார். ஒரு ரவுண்டு ஓட்டத் தருவார். பிரியாணி வாங்கித் தருவார். இரண்டு முறை பொட்டலம் சும்மா கிடைக்கும். பத்து கிராம், செய்தித்தாளிலோ சின்ன ஜிப் கவரிலோ மடித்தது. மூன்றாவது முறை, "காசு அப்புறம் குடுடா தம்பி." கண்ணி இங்கேதான் இறுகுகிறது. அப்புறம் என்பது ஒரு கடன். வீட்டில் கேட்க முடியாத கடன். அதை அடைக்க வழியும் அண்ணனே சொல்வார்: "அந்த முனையில ஒருத்தன் நிப்பான், இத மட்டும் குடுத்துட்டு வா."

ஒரு பையில் இருபது பொட்டலம் இருந்தாலும் 200 கிராம்தான். சட்டத்தின் சிறு அளவில் ஐந்தில் ஒரு பங்கு. பிள்ளை மாட்டினால் அண்ணனுக்கு நஷ்டம் இருபது பொட்டலம். அந்தப் பிள்ளைக்கு? பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கச் சொல்வார்கள். தெருவில் பெயர் கெடும். அப்பா அடிப்பார், அம்மா ஊர் மாற்றிவிடலாமா என்பாள். அந்தக் கடன் மட்டும் அப்படியே நிற்கும். மாட்டிய சரக்கின் விலையும் அதோடு சேரும். கடனோடும் கெட்ட பெயரோடும் நிற்கிற பையனை வீட்டை விட அந்த அண்ணன் எளிதாகச் சேர்த்துக்கொள்கிறார். அடுத்து எதிர்க் கோஷ்டியின் முனை, அடுத்து இடுப்பில் கத்தி. ரவுடி பிறப்பது இந்த வரிசையில்தான்.

இதெல்லாம் தெருவுக்குத் தெரியாதா? தெரியும். டீக்கடைக்குத் தெரியும், ஆட்டோ ஸ்டாண்டுக்குத் தெரியும். பிறகு ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

அதற்கு 2020 நவம்பர் 8-ஆம் தேதி இரவுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்துக்கு மேற்கே, சோமங்கலம் அருகே புதுநல்லூர். தனியார் தொலைக்காட்சி ஒன்றின் செய்தியாளர் இஸ்ரவேல் மோசஸ், இருபதுகளில் இருந்த இளைஞர், வீட்டிலிருந்து வெளியே அழைக்கப்பட்டார். வீட்டுக்கு அருகிலேயே வெட்டிச் சாய்க்கப்பட்டார். அவர் தந்தையும் செய்தியாளர்தான். அந்தப் பகுதியில் அரசு நிலத்தை வளைத்து விற்பதையும் கஞ்சா விற்பனையையும் மோசஸ் வெளிப்படுத்தி வந்தார் என்று பத்திரிகையாளர் அமைப்புகள் குரல் எழுப்பின. கைது நடந்தது, வழக்கு நடந்தது. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு எந்தத் தெருவிலும் ஓர் அப்பா போனை எடுத்து 100-ஐ அழுத்துவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார். மைக் வைத்திருந்தவனுக்கே இந்தக் கதி என்றால்?

அந்த ஒரு கணத் தயக்கத்தில்தான் வியாபாரம் நடக்கிறது.

பொத்தேரி: ஆயிரம் போலீஸ்

அரசு சும்மா இருந்தது என்று சொன்னால் பொய். 2021 டிசம்பரில் 'கஞ்சா வேட்டை' தொடங்கியது. 2022 மார்ச் 28-இல் அதன் இரண்டாம் சுற்று. இடையில் 2022 ஜனவரி 1-இல் தாம்பரம் தனி மாநகரக் காவல் ஆணையரகம் ஆனது. கூடுவாஞ்சேரியும் அதற்குள் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு' இயக்கத்தைத் தொடங்கிவைக்க, பள்ளி கல்லூரிகளில் மாணவர்கள் கை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள்.

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. விடிவதற்குள் பொத்தேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சுமார் ஆயிரம் போலீசார் சூழ்ந்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள், உள்ளே பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். கதவு கதவாகத் தட்டித் தேடினார்கள். கிடைத்தது சுமார் அரைக் கிலோ கஞ்சா, கொஞ்சம் கஞ்சா சாக்லேட், கஞ்சா எண்ணெய், ஹூக்கா சாமான்கள். மாணவர்கள் வரிசையாக வண்டியில் ஏற்றப்பட்ட படம் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது.

அரைக் கிலோவுக்கு ஆயிரம் போலீசா என்று கேலி பேசியவர்கள் உண்டு. அது நியாயமில்லை. வீட்டுக்கு வீடு புகுந்து தேட ஆள் வேண்டும். என் கேள்வி வேறு. அந்த அரைக் கிலோவின் பயணம் அந்தக் கதவில் முடியவில்லை, அந்தக் கதவில்தான் தெரிய வந்தது. அங்கிருந்து பின்னோக்கிப் போனால் கொடுத்தவன், அவனுக்குக் கொடுத்தவன், பழுப்பு டேப், தாம்பரம் நடைமேடை, பாடேரு மலை என்று சங்கிலி நீளும். நம் ஊரில் அந்தச் சங்கிலி பெரும்பாலும் முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. பையில் இருந்தது இவ்வளவு, பிடிபட்டவர் இன்னார், கோப்பு மூடப்பட்டது.

இந்தச் சங்கிலியைப் பின்னோக்கி இழுக்கச் சட்டத்தில் கயிறே இல்லையா?

இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மறைமலைநகர் தாண்டி: தூங்கும் பிரிவு

பொங்கலன்று அமலுக்கு வந்ததே, அதே இளைஞர் நீதிச் சட்டம். அதன் 77-ஆம் பிரிவு, பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுப்பவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது. 78-ஆம் பிரிவு இன்னும் நேராக வருகிறது. போதைப்பொருளை விற்க, சுமக்க, கொண்டுபோய்க் கொடுக்க, கடத்த ஒரு பிள்ளையைப் பயன்படுத்தினால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டவிரோத வேலைக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு 83-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் அபராதம். காந்தி ஜெயந்தியன்று வந்த திருத்தத்திலும் ஒரு வரி உண்டு: குற்றத்துக்குச் சிறார்களைப் பயன்படுத்தியிருந்தால் குறைந்தபட்சத் தண்டனைக்கு மேலே போக நீதிபதி அதைக் கணக்கில் எடுக்கலாம்.

இந்தப் பிரிவுகளில் தராசு கிடையாது. 20 கிலோவா 20 கிராமா என்ற கேள்வி கிடையாது. ஒரு பொட்டலம், ஒரு பிள்ளை, போதும். 19 கிலோ என்று அளந்து அனுப்பிய புத்திசாலித்தனம் இங்கே செல்லாது. 18 ஆகாத வயதைக் கவசமாக்கியவனுக்கு அந்த வயதே குற்றச்சாட்டு ஆகிவிடும். பெரியவர் கூட்டு என்று வந்துவிட்டால் எஃப்.ஐ.ஆரும் போட்டே ஆக வேண்டும். பிள்ளை குற்றவாளியாக நிற்க வேண்டியதில்லை, சாட்சியாக நிற்கலாம்.

போதைக்குச் சிக்கிய பிள்ளைக்கும் கதவு திறந்தே இருக்கிறது. சிறு அளவோடு பிடிபட்ட அடிமை தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது 1985-இன் சட்டத்தில் 64ஏ பிரிவு. அடிமையாதலை ஒழுக்கக் கேடாகப் பார்த்த காலத்தில், 1980-இலேயே, அதை நோயாகப் பார்த்துச் சென்னையில் சிகிச்சை நிலையம் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். நமக்கு வழி தெரியாமல் இல்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஒரு பிள்ளை பொட்டலத்தோடு சிக்கினால், அவனை அடிக்கும் கூட்டத்தில் சேராதீர்கள். 'இவன் கையில் கொடுத்தது யார்? 78-ஆம் பிரிவு போட்டாயிற்றா?' என்று கேளுங்கள். வக்கீல் கேட்கலாம், வார்டு கவுன்சிலர் கேட்கலாம், பெற்றோர் ஆசிரியர் கழகம் மனுவாகவே எழுதிக் கேட்கலாம். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் பத்துப் பேராகக் கேளுங்கள். மோசஸ் தனியாக நின்றார் என்பதை மறக்க வேண்டாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. மது, போதை விற்பனை பற்றிப் புகார் சொல்லக் கட்டணமில்லா எண் 10581. போதையிலிருந்து மீள ஆலோசனைக்கு 14446.

செங்கல்பட்டு: அந்தச் சுவர்

ரயில் பரனூரைத் தாண்டி ஏரிக்கரையோரமாகச் செங்கல்பட்டுக்குள் நுழைகிறது. இந்த ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெள்ளைக்கார அரசு சிறார் சீர்திருத்தப் பள்ளி ஒன்றை நடத்தியது. 1920-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டதும் நம் சென்னை மாகாணம்தான். பிள்ளையைப் பெரியவர்கள் சிறையில் அடைக்காதே, திருத்து, படிக்க வை, கைத்தொழில் கொடு என்றது அந்தச் சட்டம். நூறு வருஷத்துக்கு முன்பே நமக்கு அந்தப் புத்தி இருந்திருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரில்தான் 2022 டிசம்பரின் கடைசி நாட்களில் தாம்பரம் பகுதியிலிருந்து 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்து அரசு இல்லத்தில் விட்டார்கள். அவன் மீது இருந்தது போதை வழக்கு இல்லை, பேட்டரி திருட்டு வழக்கு. பிடிபட்டால் குருவி வந்து சேரும் கூடும் அதுதான், பேட்டரி எடுத்தவன் வந்து சேரும் கூடும் அதுதான். ஜாமீன் விதி, மறுப்பது விலக்கு என்று இதே அத்தியாயத்தில் எழுதினேன். ஆனாலும் அவன் அந்தச் சுவருக்குள் போனான். அவன் தாய்க்கு முதலில் சொல்லப்பட்ட காரணம் வேறு, உடலில் இருந்த காயங்கள் சொன்ன காரணம் வேறு. இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைக்க வேண்டியதாயிற்று.

2022 டிசம்பர் 31. ஊர் புத்தாண்டுக்குக் கேக் வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் உயிரோடு இல்லை.

சுவருக்குள் என்ன நடந்தது?

(அடுத்த வாரம் தொடரும்)